காடு தராத புள்ளிகள்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய காப்பித் தோட்டங்களிலும் இரவில் எலி பிடித்துத் திரியும் ஒரு சிறு விலங்கு சிறுத்தைப்பூனை. அளவில் வீட்டுப் பூனைதான். கால்கள் மட்டும் சற்று நீளம், தலை சிறியது, கண்கள் பெரியவை, ஒவ்வொரு காதின் பின்புறத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு. மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். நன்றாக நீந்தும். மனித வாடை பட்டதும் புதருக்குள் மறைந்துவிடும். இந்தியா தொடங்கிச் சீனா, ரஷ்யாவின் கிழக்கு ஓரம் வரை இதன் இனம் பரவியிருக்கிறது. 1792-இல் ராபர்ட் கெர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வங்காளத்திலிருந்து வந்த தகவலைக் கொண்டு இதற்கு ‘பெங்கலென்சிஸ்’ என்று அறிவியல் பெயர் வைத்தார். இன்று அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் சோபாவின் மேல் படுத்திருக்கும் புள்ளிப் பூனைக்கு ‘பெங்கால்’ என்ற பெயர் வந்தது இந்த வழியில்தான்.

பெங்கால் பூனை வாங்க வருபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, இதில் காட்டு ரத்தம் எவ்வளவு என்பது. விற்பவர்களும் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். புள்ளிகள் காட்டிலிருந்து வந்தவை, ரத்தம் கூடக் கூடப் புள்ளியும் கூடும் என்று இரு தரப்பும் நம்புகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலவிய அந்த நம்பிக்கையை மரபணு ஆய்வு அண்மையில் சோதித்துப் பார்த்தது. கிடைத்த விடை, பூனைகளை நேசிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

கதை ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணியிடம் தொடங்குகிறது. ஆசியக் காடுகளில் பிடித்த சிறுத்தைப்பூனைகள் அக்காலத்தில் அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டன. அரிசோனாவின் யூமா நகரில் அவர் வளர்த்த பெண் சிறுத்தைப்பூனைக்கு ‘மலேசியா’ என்று பெயர். துணைக்கு ஒரு கறுப்பு நாட்டுக் கடுவனை உடன் விட்டார். இரண்டும் வெவ்வேறு இனம், சேராது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். ஆனால் 1963-இல் குட்டி பிறந்தது. ‘கின்கின்’ என்று பெயரிட்ட அந்தப் பெண் குட்டிதான் இந்த முயற்சியின் முதல் வாரிசு. பிறகு கணவர் இறந்துபோக, வேலை நின்றது. மறுமணத்துக்குப் பின் 1980 வாக்கில்தான் அவர் மீண்டும் தொடங்கினார்.

இந்த முறை பூனைகள் கிடைத்தது ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து. கலிஃபோர்னியாவில் வில்லர்ட் சென்டர்வால் என்ற மரபியல் மருத்துவர் பூனைகளின் ரத்தப் புற்றுநோய் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். வீட்டுப் பூனையின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே அந்த வைரஸின் பழைய துண்டுகள் தலைமுறை தலைமுறையாகப் படிந்துகிடக்கின்றன. சிறுத்தைப்பூனையிடம் அவை இல்லை. அந்த வேறுபாடு நோயெதிர்ப்பு பற்றி ஏதாவது சொல்லுமா என்று பார்க்க இரண்டையும் கலந்து குட்டிகள் எடுத்தார். ஆய்வு முடிந்ததும் அந்தக் கலப்புப் பெண்களுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. மில் ஏற்றுக்கொண்டார்.

அவருடைய நோக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புள்ளிகொண்ட காட்டுப் பூனைகளைத் தோலுக்காகக் கொல்வதும், தாயைச் சுட்டுக் குட்டியைப் பிடித்து விற்பதும் அப்போது சாதாரணம். தங்கள் மடியில் இருப்பதைப் போன்ற ஒரு உயிரின் தோலை அணிய மக்கள் கூசுவார்கள் என்று மில் நம்பினார். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பலித்தது என்பது வேறு விவாதம். புகழுக்காகவோ காசுக்காகவோ தொடங்கியவர் அவர் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கலப்பினம் உருவாக்குவோரை முதலில் மறிப்பது உயிரியலின் ஒரு பழைய விதி. 1922-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் அதை எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன். இரு இனங்கள் கலக்கும்போது ஒரு பால் மட்டும் மலடாகவோ பிறக்காமலோ போனால், அது பெரும்பாலும் இருவேறு பால் குரோமோசோம்கள் உள்ள பாலாகவே இருக்கும் என்பது அவர் கண்டது. பாலூட்டிகளில் அது ஆண். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டாலும் மற்றது ஈடுகட்டும். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அந்த ஒற்றை எக்ஸ், வேற்றினத்து மரபணுக்களோடு ஒத்துப்போகாவிட்டால் காப்பாற்ற மாற்று கிடையாது. முதலில் பாதிக்கப்படுவது விந்தணு உற்பத்தி.

சிறுத்தைப்பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் குரோமோசோம்கள் 38 என்ற எண்ணிக்கையில் ஒத்திருந்தாலும், இரண்டும் கடைசியாகப் பகிர்ந்துகொண்ட மூதாதை ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. ஆகவே முதல் தலைமுறை ஆண் குட்டிகள் மலடு. இரண்டாம் தலைமுறையிலும், பெரும்பாலும் மூன்றாவதிலும் அதே நிலைதான். பெண்கள் மட்டுமே குட்டி போடும். அவற்றை ஒவ்வொரு தலைமுறையிலும் வீட்டுப் பூனைக் கடுவனோடுதான் சேர்க்க முடியும். இதனால் நேரும் ஒரு விளைவு எனக்கு வியப்பூட்டுவது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். சிறுத்தைப்பூனைக் கடுவன் தந்த ஒய் மலட்டு மகனோடு நின்றுவிடும். இன்று உலகில் உள்ள குட்டி தரும் ஒவ்வொரு பெங்கால் கடுவனும், எவ்வளவு சிறுத்தை போலத் தோன்றினாலும், ஆண்வழியில் சுத்தமான வீட்டுப் பூனைதான்.

வளர்ப்பாளர்கள் தலைமுறைகளை எஃப்-1, எஃப்-2 என்று எண்ணுவார்கள். காட்டுப் பங்கு பாலில் தண்ணீர் சேர்ப்பதுபோல ஒவ்வொரு முறையும் பாதியாகும்: 50 சதவீதம், 25, 12.5, நான்காவதில் 6.25. நான்காம் தலைமுறை முதல்தான் பெங்கால் என்று கண்காட்சியில் நிற்க முடியும். ‘டிகா’ எனப்படும் சர்வதேசப் பூனைச் சங்கம் 1991-இல் இந்த இனத்துக்குச் சாம்பியன்ஷிப் தகுதி கொடுத்தது. ‘சி.எஃப்.ஏ.’ என்ற இன்னொரு பெரிய அமைப்பு காட்டு ரத்தத்தைப் பற்றிய தயக்கத்தால் நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்து, 2016-இல்தான் பதிவேட்டில் சேர்த்தது.

வெறும் நாட்டுக் கடுவனைத் தொடர்ந்து சேர்த்தால் காட்டுத் தோற்றம் கரைந்துபோகும் என்று மில் அஞ்சினார். ஏற்கெனவே புள்ளியோ பளபளப்போ உள்ள வீட்டுப் பூனைகளைத் தேடி அலைந்தார். 1982-இல் தில்லி விலங்குக்காட்சிச் சாலையில் காண்டாமிருகத்தின் அடைப்புக்குள் சுற்றித் திரிந்த ஒரு தெருப் பூனையைப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆழ்ந்த செம்பொன் நிறம், தெளிவான புள்ளிகள், வெயிலில் தனித்து மின்னும் ரோமம். ‘டோரி ஆஃப் டெல்லி’ என்ற பெயரில் அது கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தது. ரோமத்தின் அந்த மினுமினுப்பை வளர்ப்பாளர்கள் ‘கிளிட்டர்’ என்கிறார்கள். அது டோரி வழியாக வந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. எந்த வம்சாவளியும் இல்லாமல், எச்சில் சோறு தின்று வளர்ந்த ஒரு தெருப் பூனை, லட்சங்களில் விலைபோகும் இனத்துக்கு மூலவன்.

புள்ளி எப்படி உண்டாகிறது என்று கேட்டால் பூனைகளை விட்டுக் கணிதத்துக்குப் போக வேண்டும். 1952-இல் ஆலன் டூரிங் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணினியியலின் தந்தை என்று நாம் அறிந்த அவரேதான். அவர் தாய் எத்தல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர் என்பது நம்மில் பலர் அறியாதது. கட்டுரையின் கருத்து இதுதான்: இரண்டு வேதிப்பொருள்கள் ஒரு பரப்பில் பரவுவதாக வையுங்கள். ஒன்று தன்னையும் மற்றதையும் பெருக்கும், ஆனால் மெதுவாகப் பரவும். மற்றது முதலாவதை அடக்கும், வேகமாகப் பரவும். தற்செயலாக முதலாவது சற்றுக் கூடிய இடத்தில் அது மேலும் கூடும். அங்கே பிறக்கும் அடக்கி சுற்றுப்புறத்துக்கு ஓடிப் பரவி, பக்கத்தில் இன்னொன்று எழாமல் தடுக்கும். எல்லாம் ஒரே சீராக இருந்த பரப்பில், யாரும் வரையாமலே, சம இடைவெளி விட்டுப் புள்ளிகளோ வரிகளோ தோன்றிவிடும். இது தாளில் போட்ட கணக்கு மட்டுமா, உயிருள்ள தோலிலும் நடக்கிறதா என்ற கேள்வி பல பத்தாண்டுகள் நின்றது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹட்சன்ஆல்ஃபா ஆய்வு நிறுவனத்தில் கிரிஸ் கேலின், கெல்லி மெக்கோவன், கிரெக் பார்ஷ் ஆகியோர் இதைப் பூனையிடமே பார்த்தார்கள். தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் முகாம்களில், சினையாக இருந்தவற்றின் கருப்பையோடு அகற்றப்பட்டு வீணாகியிருக்கக்கூடிய கருக்களை வாங்கி ஆராய்ந்தார்கள். ரோமம் முளைக்கவில்லை, நிறம் வரவில்லை, தோலோ சில செல்கள் அளவு தடிமன். அப்போதே எதிர்கால வரிகள் அதில் எழுதப்பட்டிருந்தன. ‘டி.கே.கே.4’ என்ற மரபணு சில இடங்களில் கூடுதலாக இயங்கியது, இடையிடையே அடங்கியிருந்தது. டூரிங் சொன்ன அடக்கியின் வேலையை அது செய்கிறது. 2021-இல் இது வெளியானது. அதற்கு முன்பே, 2012-இல், ‘டேக்பெப்’ என்ற இன்னொரு மரபணுவை அதே குழு அடையாளம் கண்டிருந்தது. அது பழுதடைந்தால் மெல்லிய வரிகள் அகன்று, சுழல் சுழலான பட்டைகளாகிவிடும். ஆப்பிரிக்காவின் அரிய ‘அரசச் சீட்டா’வின் உடலில் புள்ளிகள் கரைந்து பட்டைகளானதும் இதே மரபணுவின் பழுதால்தான்.

பெங்கால் வளர்ப்பவர்களுக்கு இது அன்றாட நடைமுறை. ‘மார்பிள்’ எனப்படும் சுழல்பட்டைப் பெங்கால்கள் இந்தப் பழுதின் இரண்டு பிரதிகளைக் கொண்டவை. புள்ளிப் பூனை ஒரு பிரதியை மறைத்து வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால், புள்ளிப் பெற்றோருக்கு நான்கில் ஒன்று என்ற வாய்ப்பில் மார்பிள் குட்டி பிறக்கும். பக்கத்து வீட்டுக் கடுவன் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆக, புள்ளி போடும் கருவிகள் எல்லாப் பூனைகளின் தோலிலும் இருக்கின்றன. இதற்கு ஆய்வகம் வேண்டாத ஒரு சான்று 1964-இலேயே கிடைத்திருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் வர்ஜீனியா டேலி என்ற வளர்ப்பாளர் சயாமியப் பூனையையும் அபிசீனியப் பூனையையும் கலந்தார். புள்ளி வேண்டும் என்பது அவர் திட்டத்திலேயே இல்லை. இரண்டாம் தலைமுறையில், தந்த நிற உடம்பில் பொன்னிறப் புள்ளிகளோடு ‘டோங்கா’ என்ற குட்டி பிறந்தது. அபிசீனியனில் டி.கே.கே.4 மரபணுவின் மாற்றம் வரிகளை மறைத்திருந்தது. சயாமியனில் உடம்பெங்கும் நிறமே வெளுத்திருந்தது. கலப்பில் அந்த மறைப்புகள் இரண்டும் விலக, அடியில் கிடந்தது வெளியே வந்தது. ‘ஆசிகேட்’ என்ற இனம் அதிலிருந்து வளர்ந்தது. அதில் ஒரு சொட்டுக் காட்டு ரத்தமும் கிடையாது.

பெங்காலைப் பற்றிய நேரடியான விடை 2024-இல் வந்தது. அதே கேலின், பார்ஷ் குழு 947 பூனைகளின் மரபணுத் தொகுப்பைப் படித்தது. இன்றைய பெங்காலில் சிறுத்தைப்பூனையின் பங்கு சராசரியாக 3.48 சதவீதம். வம்சாவளிக் கணக்கு சொன்னதைவிடக் கிட்டத்தட்டப் பாதி. வளர்ப்பாளர்கள் உண்மையிலேயே புள்ளிக்கான காட்டு மரபணுக்களைத் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து வந்திருந்தால், தொகுப்பில் அந்தந்த இடங்களில் மட்டும் காட்டுப் பங்கு குன்றுபோல் உயர்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. கடுமையான தேர்வின் தடம் தெரிந்த இடங்களில், நிறம், ரோமம், வடிவம் சார்ந்த மரபணுக்கள் அருகே இருந்தவை, வீட்டுப் பூனையிலிருந்து வந்த துண்டுகள். கிளிட்டரின் காரணமும் அப்படியே கிடைத்தது: ‘எஃப்.ஜி.எஃப்.ஆர்.2’ என்ற மரபணுவின் இயக்கம் குறைந்ததால் ரோமத்தின் அமைப்பு மாறி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதுவும் வீட்டுப் பூனையின் சொத்து.

காடு எதையுமே தரவில்லை என்று சொன்னால் அது மிகை. ‘சார்கோல்’ எனப்படும் கரி நிறப் பெங்கால்களுக்கு முகத்தில் கறுப்பு முகமூடியும் முதுகில் கறுப்புப் போர்வையும் இருக்கும். அதற்குச் சிறுத்தைப்பூனையின் நிற மரபணுவே காரணம். செம்மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை மாற்றும் இன்னொன்றும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் சிறுத்தைப்பூனைக்கு அந்தக் கரி முகமூடி கிடையாது. அதன் மரபணு, வீட்டுப் பூனையின் உடலுக்குள் வந்ததும் முழு அளவில் இயங்க முடியாமல் தளர்கிறது. அந்தத் தளர்ச்சிதான் நம் கண்ணுக்கு அழகான நிறமாகத் தெரிகிறது. 60 லட்சம் ஆண்டுப் பிரிவின் உரசலை அந்த முகத்தில் காண்கிறோம்.

எனவே எஃப்-1 குட்டிகளைப் புதிதாக உருவாக்குவதற்கு அழகின் பேரில் காரணம் காட்ட முடியாது என்பது என் உறுதியான கருத்து. அவை படும் பாடும் சிறிதல்ல. ஒளிந்துகொள்ளும், தொடவிடாது, சுவரிலும் படுக்கையிலும் சிறுநீர் பீய்ச்சி எல்லை குறிக்கும். இங்கிலாந்தில் எஃப்-1 வைத்திருக்க ஆபத்தான காட்டுவிலங்குச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். இந்தியாவில் சிறுத்தைப்பூனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

பழகாத அந்தக் குணம் புதிதுமல்ல. சீனத்தின் ஷான்சி மாகாணத்தில் சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தைய சுவான்ஹுசுன் என்ற உழவர் குடியிருப்பில் பூனை எலும்புகள் கிடைத்தன. முதலில் அவை வீட்டுப் பூனைகள் என்று கருதப்பட்டன. 2016-இல் எலும்பு வடிவத்தை நுணுக்கமாக அளந்தபோது அவை சிறுத்தைப்பூனைகள் என்று தெரிந்தது. தானியக் களஞ்சியத்தை நாடி எலி வரும், எலியை நாடி இவை வரும். பல நூற்றாண்டுகள் மனிதரின் வாசலருகே வாழ்ந்தும் அவை வீட்டுக்குள் வரவில்லை. இன்று சீன வீடுகளில் இருப்பவை மேற்கிலிருந்து வந்த வீட்டுப் பூனையின் வழித்தோன்றல்கள்.

அப்படியானால் நல்ல வளர்ப்பாளர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? பெரும்பகுதி நேரம் குணத்துக்குப் போகிறது. பூனை, சேர்ந்த பிறகே கருமுட்டை வெளியிடும் விலங்கு. சினைக் காலம் 63 முதல் 66 நாள். குட்டிகளைத் தினமும் ஒரே நேரத்தில் தராசில் வைப்பார்கள். எடை ஏறாத நாள்தான் முதல் எச்சரிக்கை. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். அப்போது பல கைகள் தூக்க வேண்டும், மிக்சி ஓசையும் கதவு மணியும் குழந்தையின் அழுகையும் கேட்க வேண்டும். அந்த வாரங்களைத் தவறவிட்டால் பிறகு ஈடுசெய்வது மிகக் கடினம். வியாபாரமாக மட்டும் செய்பவர்கள் குறுக்குவழி எடுக்கும் இடமும் இதுதான். கூண்டில் வளர்ந்த குட்டிக்கு எவ்வளவு அழகான புள்ளி இருந்தாலும் என்ன பயன்?

ஏறத்தாழ நான்கு வாரத்தில் பெங்கால் குட்டியின் புள்ளிகள் மங்கத் தொடங்கும். நீண்ட சாம்பல் மயிர் முளைத்து வடிவத்தையே மூடிவிடும். வாங்க வந்தவர் முகம் சுளிப்பார். மூன்று மாதத்துக்குப் பிறகு மெல்ல விலகி, முழு ஒளியும் வெளிப்பட இன்னும் பல மாதம் ஆகும். எந்தக் குட்டியை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டிய நேரமும் இதே சமயம்தான் வரும். ஒன்றின் விலாவில் நடு வெளிறிய வளையங்கள், ‘ரொசெட்’ என்பார்கள், வரிசையாக அமைந்திருக்கும். ஆனால் ஆள் வந்தால் அலமாரிக்குப் பின்னால் ஓடும். இன்னொன்றின் புள்ளி சாதாரணம், மடியில் ஏறித் தூங்கும். மனச்சாட்சி உள்ளவர் இரண்டாவதை வைத்துக்கொள்வார். கண்காட்சி விதியும் அவர் பக்கம்தான். சண்டைக்கு நிற்கும் பெங்காலை, அழகு எப்படியிருந்தாலும், நடுவர் தகுதிநீக்கம் செய்ய வேண்டும்.

வீட்டில் இந்தப் பூனைக்கு உயரம் வேண்டும், வேலை வேண்டும். பீரோ உச்சி வரை ஏறும். குழாயைத் திறந்துவிட்டு நீரில் கையை விட்டு அளையும். குரல் பெரிது, பேசவில்லையென்றால் பேசவைக்கும். நாள் முழுக்க ஆளில்லாத, ஜன்னல் மூடிய அடுக்ககத்தில் ஒற்றையாக அடைபட்டால் திரையையும் மெத்தையையும் கிழிக்கும். அதைக் காட்டுக்குணம் என்று பழிப்பார்கள். சுறுசுறுப்பான எந்த விலங்கும் சலிப்பில் அதைத்தான் செய்யும். தினமும் இருமுறை ஓடவைத்து விளையாடுபவர்கள், ஏறப் பலகையும் கீறக் கட்டையும் கொடுப்பவர்கள் வீட்டில் அதே பூனை சாதுவாகக் காலடியில் கிடக்கும்.

சிறிய வம்சத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்ப்பதன் கடன் நோயாக வரும். பெங்காலில் ஒருவகை விழித்திரைச் சிதைவு உண்டு. ஓராண்டு, இரண்டாண்டுக்குள் பார்வை போய்விடும். ‘கே.ஐ.எஃப்.3.பி.’ என்ற மரபணுவின் பழுது இதற்குக் காரணம் என்று 2020-இல் தெரிந்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும், சோதித்துச் சொல்வார்கள். இரண்டு பழுதுப் பிரதிகள் சேர்ந்தால்தான் நோய். ஒரு பிரதி சுமப்பவற்றை எல்லாம் ஒரேயடியாக ஒதுக்கினால் ஏற்கெனவே குறுகிய வம்சம் இன்னும் குறுகும். சுமப்பதைச் சுத்தமானதோடு சேர்த்து, குட்டிகளைச் சோதித்து, சில தலைமுறைகளில் பழுதைக் கழிப்பதே சரியான வழி.

இதயத்தசைத் தடிப்புக்கு அந்த வசதியில்லை. மெயின் கூன் என்ற பெரிய உருவப் பூனையினத்தில் அதற்குரிய மரபணு 2005-இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. பெங்காலுக்கு அப்படியொரு மரபணுச் சோதனை கிடையாது. இடது கீழறைச் சுவர் தடிக்கிறதா என்று எக்கோ எடுத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். இரண்டு வயதில் சுத்தமாக இருந்த இதயம் ஐந்து வயதில் தடித்துத் தெரியலாம். அதற்குள் அந்தக் கடுவனுக்குப் பல ஈற்றுக் குட்டிகள் பிறந்து, வெவ்வேறு ஊர்களில் வளர்ந்து, அவற்றில் சில தாமே குட்டி போட்டிருக்கும். இதனால்தான் பொறுப்பான வளர்ப்பாளர்கள் குட்டியை விற்ற வீடுகளின் பட்டியலை ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கிறார்கள். கருத்தடை செய்து ஓய்வுகொடுத்த கடுவனையும் எக்கோவுக்கு அழைத்துப் போகிறார்கள். அதன் இதயத்தில் மாற்றம் தெரிந்த அன்றே அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்கிறார்கள்.